கம்பவுண்டர் மறுத்த மாத்திரை

ஜூன் 9, திங்கள்

போதும். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. இனி எழுதப்போகிறேன். தேதி போட்டு, நேரம் போட்டு, நடந்ததை நடந்தபடி. இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் நான். ஆய்வகப் பதிவேட்டில் கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்தவன். எனக்கு ஒரு பதிவேடு எழுதத் தெரியாதா?

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. மூன்று வருடமாக மறதி நோய். பாளையங்கோட்டையில் அவர் கட்டிய இந்த வீட்டில் கீழே நான், மாடியில் தம்பி ரூபனும் அவன் மனைவி பியூலாவும். எனக்கும் ரூபனுக்கும் பேச்சு இல்லை. அம்மா இறந்த அன்று நான் கௌஹாத்தியில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். மூன்று விமானம் மாறி, மறுநாள் மாலை நான்கு மணிக்கு இந்த வாசலில் இறங்கினேன். மூன்று மணிக்கே பெட்டியை மூடிக் கல்லறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் பொறுத்திருக்க முடியாதா? "போதகர் அவசரப்படுத்தினாவ" என்றான் ரூபன். அதுதான் நான் காதில் வாங்கிய அவனுடைய கடைசி வாக்கியம்.

என் மனைவி மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள் ஆறு மாதமாக அங்கேயே இருக்கிறாள். அதற்கும் காரணம் நான்தான் என்பார்கள். இருக்கட்டும்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கோயம்புத்தூரிலிருந்து தங்கை ஷீலா போனில் வகுத்துக் கொடுத்தாள். காலையும் படுக்கையும் கீழே. பகலும் இரவுச் சாப்பாடும் மாடியில். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது படியேற்றி விடுவேன். இரவு எட்டு மணிக்கு ரூபன் படியிறக்கி விட்டுக் கதவைத் தட்டுவான். நான் திறப்பதற்குள் அவன் மேலே ஏறியிருப்பான். வாசலில் அப்பா மட்டும் நின்றுகொண்டிருப்பார், முந்தாநாள் வந்த விருந்தாளியைப் போலச் சிரித்துக்கொண்டு.

இரண்டு வாரமாக அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, கெண்டைக்காலில் இழுப்பு. மாடிச் சாப்பாடுதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மாதம் குறித்து வைத்து, ஷீலாவுக்கும் போதகருக்கும் காட்டப் போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

இரவுச் சாப்பாடு: இட்லி, தக்காளிச் சட்னி (மாடி). 8.05 கீழே வந்தார். 9.00 ஞாபக மாத்திரை. 10.20 வாந்தி. தக்காளி.

மாத்திரை கொடுப்பது இப்போது ஒரு கச்சேரி. அப்பா அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். மற்றதெல்லாம் போனாலும் அந்த வேலை போகவில்லை. ராத்திரியானால் நான் மகன் இல்லை, டூட்டி டாக்டர். அட்டையை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தாம்ப்பா."

"இந்தப் பேஷண்டுக்கு டோஸ் குடுத்தாச்சே சார்."

"யாரு குடுத்தா?"

"மேல் வார்டு நர்சு. நல்ல பொண்ணு. தண்ணி கூட ஆத்தித்தான் தந்துச்சு."

சிரித்துவிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை காய்வதற்குள் "இன்னும் சோறு போடலியே" என்பவர் இவர். அவரிடம் விவாதம் செய்யக்கூடாது என்று ஒரு வழி வைத்திருக்கிறேன். குரலைக் கொஞ்சம் கனமாக்கி, "டாக்டர் சொல்லுதேன், போடுங்க" என்பேன். உடனே நிமிர்ந்து உட்காருவார்.

"நீங்க சொன்னா சரி சார்."

போட்டுக்கொண்டார். ஒரு டாக்டரின் சொல்லை அவர் வாழ்க்கையில் மீறியதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் ரூபன் மூன்றாம் வரிசை, நான் கடைசி வரிசை. பிரசங்கம் சமாதானத்தைப் பற்றி. எனக்காகவே வைத்தது போலிருந்தது. போதகருக்கு வேறு தலைப்பே கிடைக்காது போல.

கல்லூரியில் வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் பதவி உறுதியாகிவிட்டது. என்னிடம் படித்தவனுக்கு. வாழ்த்துச் சொல்ல எல்லாரும் போனார்கள். நான் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போவதும் எங்களுக்குள் முறைதான். ஒரு தடவை நான், ஒரு தடவை அவன். மே கடைசியில் அவன் முறை. வந்ததும் ஃபைலைப் படியில் வைத்துவிட்டுப் போனான். மேலே ஒரு தாளைக் குத்தி, அதில் ஏதோ எழுதியிருந்தான். அப்படியே எடுத்து பீரோ மேல் போட்டேன். அவன் எழுத்தை நான் படிப்பதில்லை. ஒரு முடிவு எடுத்தால் அதில் நிற்கத் தெரிய வேண்டும்.

மாலையில் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி அடுத்த மாதத்துக்கான மாத்திரை வாங்கினேன்.

ஜூன் 19, வியாழன்

நேற்றிரவு 9.00 மாத்திரை, 9.50 வாந்தி. இன்று எடை பார்த்தேன். ஒரே மாதத்தில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. மாடியில் என்னதான் போடுகிறார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

ஜூன் 22, ஞாயிறு

பியூலா படியில் வழி மறித்தாள். அவளோடு மட்டும் இரண்டு மூன்று சொல் உண்டு. எங்கள் அம்மா இறந்த பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள்.

"அத்தான், மாமாவுக்கு வயித்துல எதுவுமே தங்க மாட்டேங்கு. நாளையிலருந்து கஞ்சி வச்சுக் குடுக்கட்டா?"

"குடு. இத்தன நாளா குடுத்ததுக்கு அது தேவலை."

அவள் முகம் சுண்டியது. ஆனாலும் போகவில்லை.

"அத்தான், ஃபைல் மேல அவுக எழுதி வச்சிருந்தாவளே. பாத்தீங்கள்லா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"சரி அத்தான். ரெண்டு நாளா கேக்கணும்னே நெனச்சேன்."

நான் போக வழிவிட்டு விலகி நின்றாள். கஞ்சிக்குத் துவையலும் வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டேகால். அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். இது சனிக்கிழமை வழக்கம். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, கழுத்தில் துண்டு சுற்றி, வெந்நீர் தொட்டு. அப்பா கன்னத்தைத் தாமே ஒருபக்கம் உப்பிக் காட்டுவார். அப்போது மட்டும் நான் யார் என்று தெரியும். "மெதுவா வழிலே, பெரியவனே" என்பார். இன்றைக்கும் சொன்னார்.

இடது கன்னம் முடித்து வலது பக்கம் வந்தேன். கண் ஒருபக்கமாகப் போய் நின்றது. கூப்பிட்டேன். தாடை இறுகியது. கை விறைத்து நீண்டு, பிறகு உதறத் தொடங்கியது. ரேசரை எங்கே போட்டேன் என்று தெரியாது. நாற்காலியோடு சரிந்தவரைத் தாங்கித் தரையில் கிடத்தினேன். முகத்தில் இருப்பது சோப்பு நுரையா வாய் நுரையா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். "சாவி! சாவி!" என்று கத்தினேன். வலிப்புக்கு இரும்பைக் கையில் கொடுப்பது மூடத்தனம் என்று வகுப்பில் வருடா வருடம் கேலி பேசுகிறவன், பீரோச் சாவிக் கொத்தை அப்பாவின் முஷ்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அதுவும் போதாதென்று தோசைத் திருப்பியைத் தேடி எழுந்தேன்.

ரூபன் வந்தது தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் நிலைப்படி தாண்டியிருக்கிறான்.

"அண்ணே, தள்ளுங்க. சாவிய விடுங்க. ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும். கையப் புடிச்சு அமுக்காதீங்க, தானா நிக்கும்."

அப்பாவின் தலைக்குக் கீழே தன் சட்டையைக் கழற்றி வைத்தான். பியூலா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் ஆச்சு... ஒன்றர..." என்று அழுகையோடு எண்ணினாள். இரண்டு நிமிடத்தில் நின்றது. பிறகு ஒரு நீண்ட குறட்டை. ஆம்புலன்ஸில் நாங்கள் மூன்று பேரும் போனோம். அப்பாவின் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இருந்தது. நர்ஸ் துடைக்கும்போது பார்த்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூளையில் கட்டியோ ரத்தக்கசிவோ இல்லை. நரம்பியல் டாக்டர் ரஹ்மத் நிஷா எங்கள் மூவரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"மாத்திரை எல்லாம் யாரு குடுக்கீங்க?"

"நாந்தான் டாக்டர்" என்றாள் பியூலா. "நீங்க போன தடவ ஞாபக மாத்திரையப் பத்தாக்கி எழுதுனீங்கள்லா, அத நாந்தான் ராத்திரி சாப்பாடு ஆனதும் குடுக்கேன். டாக்டர்... வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போன அவசரத்துல மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை காலைல குடுத்துட்டு, அன்னைக்கு ராத்திரியும் வழக்கம்போலக் குடுத்துட்டேன். அதனாலதானா டாக்டர்?"

டாக்டர் நிதானமாக ஏதோ குறித்துக்கொண்டார். "வேற யாரும் எதுவும் குடுக்கலியே?" என்று என்னைப் பார்த்தார்.

ரூபனும் பார்த்தான்.

தண்ணீர் பாட்டில் தீர்ந்திருந்தது. வாங்கக் கீழே போனேன்.

பியூலாவின் கவனக்குறைவு என்று இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஞாபக மாத்திரையைப் பாதியாக்கி, வலிப்புக்கு ஒரு மாத்திரை காலையும் இரவும் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது.

பீரோவையும் மருந்துத் தட்டையும் சுத்தம் செய்தேன். வேண்டாததை அப்புறப்படுத்தினேன்.

ஜூலை 3, வியாழன்

ஷீலா போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் பியூலா சொன்னதை நேற்றே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"அந்த மகராசி ஒரே நாள்ல ரெண்டு மாத்திரையத் தூக்கிக் குடுத்திருக்கா! நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"என்னைய என்ன பண்ணச் சொல்லுத?"

"நாலு வார்த்த கேக்க வேண்டாமா? கீழ வீட்டுல தெய்வம் மாதிரி ஒரு மனுசன் பாத்துக்கிடுதாரு, மேல..."

நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

பியூலா இப்போது மாத்திரையைத் தொடுவதில்லையாம். அப்பாவின் தட்டையும் ரூபன்தான் கொண்டு வருகிறான். சோற்றில் அவள் கை பட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறாளாம். மாடியில் யாரோ இருமுவது கேட்கிறது, நடப்பது கேட்கிறது. பேச்சு மட்டும் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அப்பா பகல் முழுவதும் தூங்குகிறார். எழுந்தால் நடை தள்ளாடுகிறது. குளியலறையில் விழப் பார்த்தார். இந்தப் புது மாத்திரை எவ்வளவு நாளைக்கு என்று ரூபன் டாக்டரிடம் கேட்டானாம். நோயே முற்றி வலிப்பைக் கொண்டுவந்துவிட்டது என்றால் ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கலாம் என்றாராம். வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல், கதவிடம் சொல்வதுபோல் சொன்னான். நானும் கதவிடம் தலையாட்டினேன்.

ஜூலை 5, சனி

இன்று சவரம் செய்ய எனக்குக் கை வரவில்லை. வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தை மட்டும் துடைத்தேன். அப்பா கண்ணைத் திறந்தார். நல்ல தெளிவாக இருந்தார், ஆனால் அவருடைய ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"சார், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"மேல் வார்டுப் பொண்ணு படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. அது மேல ரிப்போர்ட் எழுதிராதீங்க சார். தப்பு நடக்கும். நம்ம மேல போட்டுக்கிடுங்க. எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆவப் போவுது, என்னைய ஒண்ணும் பண்ண மாட்டாவ."

"நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க?"

யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிடிபடவில்லை. "ஏதாச்சும் பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

ஃபைலை எடுத்தேன். மேலே குத்தியிருந்த தாள் இது:

"அண்ணனுக்கு. ஞாபக மாத்திரையை டாக்டர் ஐந்திலிருந்து பத்தாக ஆக்கியிருக்கிறார். சாப்பாடு ஆனதும் தர வேண்டும் என்பதால் மாடியில் பியூலாவே கொடுத்துவிடுவாள். பெயர் வேறு, மருந்து ஒன்றுதான். கீழே இருக்கும் ஐந்தைத் தயவுசெய்து நிறுத்திவிடவும். வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் உடனே வரச் சொன்னார். ரூபன்."

'நிறுத்திவிடவும்' என்பதன் கீழே இரண்டு கோடு.

இந்தப் பதிவேட்டைத் திருப்பிப் படித்தேன். என் கையெழுத்து அழகானது. 9.00 மாத்திரை, 10.20 வாந்தி. 9.00 மாத்திரை, 9.50 வாந்தி. மே இருபத்தைந்திலிருந்து ஜூன் இருபத்தேழு வரை முப்பத்துநான்கு இரவு. மேலே பத்து, கீழே ஐந்து. சாப்பாட்டுப் பெயரையெல்லாம் எழுதியிருக்கிறேன். என் அட்டையிலும் அடியில் சின்ன எழுத்தில் டோனெப்பெசில் என்றுதான் இருந்தது. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை ஒன்றாம் தேதி அந்த அட்டையைத் தாளில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டி வரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அதைத்தான் 'சுத்தம் செய்தேன்' என்று எழுதியிருக்கிறேன்.

அப்பா ஒவ்வொரு இரவும் சொன்னார். டோஸ் குடுத்தாச்சே சார். முப்பத்துநாலு வருடம் மருந்து கொடுத்தவர், மூளையின் பாதி போன பிறகும், தம் வேலையைச் சரியாகச் செய்தார். நான் டாக்டர் வேஷம் போட்டு அவர் வாயை அடைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி. பதிவேட்டையே நீட்டினேன். அவர் முழுவதும் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

"அதனாலதான் வந்ததா டாக்டர்?"

"அடிச்சுச் சொல்ல முடியாது சார். இந்த நோய் வந்தவங்களுக்கு நோயாலேயே வலிப்பு வரலாம். இந்த வகை மாத்திரையும் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம்னு எச்சரிக்கை இருக்கு. டோஸ் கூடிப்போனா ஆபத்தும் கூடும். ரெண்டுல எதுன்னு எந்த ஸ்கேன்லயும் தெரியாது. ஆனா வாந்தி, பேதி, எடை குறைஞ்சது, இதெல்லாம் மருந்து அதிகமானதோட அடையாளம்தான். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் விட்டுவிட்டார்.

"போன தடவை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார் பிறகு.

"ஆமா."

"யாரு குடுத்தாங்கன்னு எனக்கு வேண்டாம் சார். எவ்வளவு குடுத்தாங்கன்னு தெரிஞ்சா போதும். அதை வச்சுத்தான் நான் வைத்தியம் பண்ணணும்."

ஞாபக மாத்திரையை இப்போதைக்கு முழுவதும் நிறுத்தச் சொன்னார். வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. மூளையின் மின் அலைகளைப் பதிவெடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் சில மாதத்தில் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். ஆயுள் முழுக்க என்ற வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை. அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"டாக்டர், அந்தப் பொண்ணுட்ட நீங்களே சொல்லிருங்களேன். அவ மேல தப்பு இல்லன்னு."

"அது என் வேலை இல்லையே சார்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

ஷீலாவுக்கு வெளியே நின்றே போன் செய்தேன். சொன்னேன். இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தாள். பிறகு, "அண்ணே, நான் பியூலாவ என்னெல்லாம் பேசிட்டேன்" என்றாள். 'நீங்கதான் பேச வச்சீங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை அவள்.

ஜூலை 9, புதன்

புதுச் சீட்டைப் பார்த்து ரூபன் கேட்டான். "ஏன் நிப்பாட்டுனாவ?" டாக்டர் சொன்னார் என்றேன். பொய் இல்லை. மெய்யும் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மாடிக்குப் போகக் கிளம்பினேன். ஏழாவது படிவரை போனேன். உள்ளே பியூலா ரூபனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அம்மா வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வாரேன். மாமாவப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு அடைக்கு. என்ன சொன்னாலும் நாந்தான குடுத்தேன்." அவன் ஏதோ தணிவாகச் சொன்னான். "கெளம்புத அன்னைக்கு மாமாட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

இறங்கிவிட்டேன். ஐம்பத்துமூன்று வயதில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல்.

ஜூலை 10, வியாழன்

அப்பா இன்று கொஞ்சம் விழித்திருந்தார். இரண்டு தோசை சாப்பிட்டார். சட்னி கேட்டார்.

ஜூலை 12, சனி

பியூலா புதன்கிழமை ஊருக்குப் போகிறாள். ரூபன் டிக்கெட் எடுத்துவிட்டான்.

இன்று காலை அப்பாவுக்குச் சவரம் செய்தேன். ரேசரை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன். "என்னலே பெரியவனே, பயமா இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ மெதுவாச் செய்யி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று கன்னத்தை உப்பினார். இரண்டு கன்னமும் முடித்தேன்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. வராது என்பது ஏழாவது படியில் தெரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தால் நான் முதலில் கௌஹாத்தியைத்தான் பேசுவேன். பெட்டியை மூடியது தப்புதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தக் கணக்கு எனக்கும் ரூபனுக்கும் இடையில் உள்ளது. அதில் பியூலாவுக்குப் பங்கில்லை, அப்பாவுக்கும் இல்லை.

அதனால் இந்தப் பக்கங்களை நோட்டிலிருந்து பிரித்துவிட்டேன். ஜூன் ஒன்பதிலிருந்து இன்று வரை. அவளைப் பற்றி எழுதிய கெட்ட சொல் எதையும் கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. கூடவே ரூபனின் அந்தத் தாளும், டாக்டரின் புதுச் சீட்டின் நகலும். உறையில் போட்டு, 'திருமதி பியூலா ரூபன், மாடி' என்று எழுதி, எங்கள் வீட்டு விலாசத்தையே எழுதியிருக்கிறேன். கதவடியில் தள்ளிவிட்டு வந்தால் ராத்திரிக்குள் நானே போய்த் திரும்ப எடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தபாலில் போட்டுவிட்டால் எடுக்க முடியாது. இன்று போட்டால் திங்கட்கிழமை, தவறினால் செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும்.

கடைசியில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பெயரைப் போட்டால் அது கல்லூரிச் சுற்றறிக்கை. 'அத்தான்' என்று போட அவளிடம் இனி நான் அனுமதி கேட்க வேண்டும். 'அண்ணன்' என்பதும் அப்படித்தான், ஒன்பது வருடமாக அந்த வேலையை நான் பார்க்கவில்லை. யார் எழுதியது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வரப்போவதில்லை. இதைப் படித்த பிறகு நான் அவர்களுக்கு யார் என்பதை மட்டும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா வராந்தாவில் வெயிலில் இருக்கிறார். தபாலாபீஸ் பன்னிரண்டரை வரை திறந்திருக்கும். கையெழுத்தில்லாமலே போட்டுவிட்டு வரப்போகிறேன்.